ஏழின் மேல் சந்தனம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கால்குலேட்டர் வந்த கதையைச் சொன்னால், இதற்கா இவ்வளவு ஆத்திரம் என்றுதான் கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் பெயர் அருணா. புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் போகும் வழியில் இருக்கிற செங்கலாங்குடி அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. ஊருக்குள் இப்படி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, தையல்கார அருணா என்று கேட்க வேண்டும். மகள் அன்புமொழிக்குக் கொடுத்த யூனிஃபார்ம் அளவு சரியில்லை என்று சண்டை போடப் போன அன்று அங்கே குழுத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. வந்திருந்த அம்மாக்களில் சத்தமாகப் பேசியவள் நான் ஒருத்திதான் என்று தலைவி ஆக்கிவிட்டார்கள். தலைவி என்றால் விழா மேடையில் ஓரத்து நாற்காலி, காட்டின இடத்தில் கையெழுத்து. அதற்கு மேல் ஒரு மண்ணும் கிடையாது.

திட்டத்துக்கு ‘விரல்நுனி விஞ்ஞானம்’ என்று பெயர். பிள்ளைகள் கணக்கையும் அறிவியல் கணக்கையும் கால்குலேட்டரில் போட்டுப் பழக வேண்டும், அவ்வளவுதான். நல்ல விஷயம்தானே? தொடங்கி வைக்க மாவட்ட ஒருங்கிணைப்பாளர் அரவிந்த்குமார் வந்தார். சின்ன வயசு, கசங்காத சட்டை. மைக்கைப் பிடித்தவர் இப்படிப் பேசினார்:

“இவ்வளவு நாளா நம்ம பிள்ளைங்க கணக்குப் போடும்போது யோசிச்சாங்க. யோசிக்கிறதாலதான் தப்பு வருது. தப்பு வர்றதால மார்க் குறையுது. மார்க் குறையறதால எங்களை மேல கூப்பிட்டுக் கேள்வி கேக்குறாங்க. இந்தக் கருவி அதோட மூல காரணத்தையே ஒழிச்சிடும்.”

எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

திட்டத்துக்கு ஒரு சடங்கு உண்டு. வகுப்பு தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளையும் வருகைப் பதிவேட்டில் உள்ள தன் நம்பரைக் கால்குலேட்டரில் அழுத்தி, தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். டீச்சர் அதைப் பார்த்துப் பார்த்து செல்போன் செயலியில் ஏற்றுவார். அன்றைக்கு அந்தப் பிள்ளை வந்ததற்கும் படித்ததற்கும் அதுதான் சாட்சி. தூக்கிக் காட்டாத பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தாலும் வரவில்லை என்றுதான் அர்த்தம். என் மகள் பத்தாம் வகுப்பு, ஏழாம் நம்பர்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியர் ஆவுடையப்பன் அத்தனை கால்குலேட்டரையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். உடைந்தாலோ கீறல் விழுந்தாலோ தலைமையாசிரியரே பொறுப்பு என்று உத்தரவில் போட்டிருந்ததாம். பாவம், அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிற மனுஷன். பிள்ளைகள் தொட்டால்தானே உடையும்? பீரோவைத் திறக்கவே இல்லை. திறந்தது ஆயுத பூஜைக்குத்தான்.

பூஜைக்கு நானும் போயிருந்தேன். என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ரஞ்சிதா கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்து வைத்திருந்தாள். மணி, குளோப் உருண்டை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. கால்குலேட்டர் முறை வந்ததும், கூட்டிப் பெருக்கும் மூக்காயி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், இதுக்கு நெத்தி எங்கிட்டு இருக்கு?”

நியாயமான கேள்வி. மேலே கறுப்புப் பட்டை இருந்தது. அது வெயில் வாங்கி ஓடுகிற இடம், மறைக்கக்கூடாது என்றார் கணக்கு டீச்சர் பாசிலா. அதற்குக் கீழே விடை தெரியும் கண்ணாடி. முகத்தில் போய்ப் பூசலாமா? அப்புறம் எண்களின் மேல்வரிசையில் நட்டநடுவில் எட்டு. ஆவுடையப்பன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“எட்டா? ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எட்டுல பொட்டு வைக்கச் சொல்றீங்களே! எட்டு ஆகாதும்மா. பக்கத்துல ஏழு இருக்குல்ல, அதுல வைங்க. ஏழுமலையான் நம்பரு.”

அத்தனை கால்குலேட்டரிலும் ஏழின் தலையில் தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பீரோவைப் பூட்டிவிட்டுப் பொரியை அள்ளிக்கொண்டு கிளம்பினோம்.

விடுமுறை முடிந்து, பயிற்சி தொடங்கியதா என்று மேலிடத்திலிருந்து போன் வந்த பிறகுதான் பீரோ திறந்தது. அன்று மதியமே அவசரக் குழுக் கூட்டம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது பாசிலா டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். கணக்கும் அவர்தான், ஆள் போடாத அறிவியலும் அவர்தான்.

“சார், ஏழு அமுங்கல சார். சந்தனம் உள்ள எறங்கி சிமெண்டு மாதிரி காஞ்சு போச்சு.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

“டீச்சர், கருவி எல்லாம் நல்ல நிலைமையில இருக்குன்னு போன வாரம்தான் சர்டிபிகேட் அனுப்பியிருக்கேன். நல்லா இருக்குற கருவியில கோளாறு எப்படி வரும்?”

“அப்ப கோளாறு எதுல சார்?”

ஆவுடையப்பன் சார் கொஞ்சம் யோசித்தார். “ஏழுல.”

“ஊசி வச்சு நோண்டினா வந்துரும் சார்.”

“சாமிக்கு வச்ச பொட்டை நோண்டுறதா? அதுவும் நீங்களா? ஊருல பேச்சு எப்படி எப்படிப் போகும்னு யோசிச்சுப் பாருங்க டீச்சர்.”

பாசிலா டீச்சர் தலையில் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பயிற்சிக் கணக்குகளில் ஏழு என்னும் எண் தற்காலிகமாகத் தவிர்க்கப்படும் என்று தீர்மானம் எழுதி என் முன்னால் வைத்தார்கள். ஒரு எண்தானே, மிச்சம்தான் இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நடந்ததை ஒன்று ஒன்றாகச் சொன்னால் நான் இட்டுக்கட்டுவதாக நினைப்பீர்கள். வட்டத்தின் பரப்பளவுக்கு இருபத்திரண்டின் கீழ் ஏழு வேண்டும் என்பதால் வட்டத்தையே விட்டுவிட்டார்கள். அறிவியலில் தூய நீரின் பி.எச். மதிப்பு ஏழு. அதை ஆறு என்று திருத்தினார்கள். ஆறு என்றால் அமிலமாம். அமிலத்தைப் பிள்ளைகள் குடிக்கலாமா என்று யாரோ கேட்டு வைக்க, தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோனார்கள். அதுவும் அதே தண்ணீர்தான்.

பாட்டு வகுப்பில் சரிகமபத என்று பாடிவிட்டு நிறுத்தச் சொன்னார்கள். இசைக் கல்வெட்டு இருக்கிற குடுமியான்மலையைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கூத்து. ஒரு நாள் துணி கொடுக்கப் போகும்போது மதிலுக்கு வெளியே நின்று கேட்டேன். அத்தனை பிள்ளைகளும் ‘த’ வரைக்கும் ஏறி, சட்டென்று நின்றார்கள். ஒரு பிள்ளைகூட வாய் தவறி அடுத்ததைப் பாடவில்லை.

ஏழாம் வகுப்பில் உயரமாக இருந்தவர்களை எட்டிலும் குட்டையாக இருந்தவர்களை ஆறிலும் உட்கார வைத்து, அந்த அறையைப் பூட்டினார்கள். அந்த வாசலை மூக்காயி கூட்டுவதில்லை. ஏன் என்று கேட்டால், “எனக்கென்னத்தா தெரியும், அங்கிட்டுப் போகவே பயமா இருக்கு” என்றாள்.

அரவிந்த்குமார் மறுபடி வந்தார். நடந்ததைப் பார்த்து எல்லோரையும் கிழித்துத் தொங்கவிடுவார் என்று நினைத்தேன். அந்த ஆசையோடுதான் போய் என் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“மாவட்டத்துலயே எல்லாக் கணக்கும் சரியாப் போட்ட ஒரே பள்ளி இதுதான். எப்படி சார்?” என்றார்.

ஆவுடையப்பன் சார் நடுங்கிக்கொண்டே சந்தனத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தார். அரவிந்த்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“பிள்ளைங்க எதுல தப்பு பண்றாங்கன்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றோம். அதை எடுத்துட்டா என்னன்னு ஒருத்தருக்கும் தோணலையே சார்! ஏழாம் வாய்ப்பாடு எவ்வளவு கஷ்டம்னு எனக்கே தெரியும். இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது வராது. வராமலே நான் இங்க வந்து உக்காரலையா?”

அடுத்த வாரமே எல்லாப் பள்ளிக்கும் சுற்றறிக்கை போனது. சந்தனம் எந்த இடத்தில் எவ்வளவு வைக்க வேண்டும் என்று படமும் போட்டிருந்ததாம். எங்கள் பள்ளி முன்மாதிரிப் பள்ளி ஆயிற்று. எனக்கு ஒரு சால்வை போட்டார்கள்.

சால்வையை மடித்து வைத்துக்கொண்டிருந்த சாயங்காலம்தான் அன்புமொழி வந்து சொன்னாள்.

“அம்மா, இப்பல்லாம் என்னைய வருகையில கூப்புடுறதே இல்லம்மா.”

“என்னடி சொல்ற? டீச்சர் மறந்திருப்பாங்க.”

“இல்லம்மா. என் நம்பரை அழுத்திக் காட்ட முடியலல்ல. ஆறையும் ஒன்னையும் கூட்டி ஏழு வரவச்சுத் தூக்கிக் காட்டினேன். நம்பரை அழுத்தணும், வரவைக்கக் கூடாதுன்னு உத்தரவாம். டீச்சர் அழுதுட்டாங்க.”

பதினேழாம் நம்பர் பையனின் அப்பா உஷாரான ஆள். ஆரம்பத்திலேயே டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார். நான் தலைவி என்ற மிதப்பில் இருந்து ஏமாந்துவிட்டேன். செயலியில் ஏழாம் நம்பரே இல்லாமல் போய், அரையாண்டுத் தேர்வில் என் பிள்ளைக்குக் கேள்வித்தாள் வரவில்லை. பத்தாவது எழுதி, பிளஸ் டூ முடித்து, நர்சிங் போவேன் என்று ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தேன்.

“வேற நம்பர் குடுங்க சார்.”

“எல்லா நம்பர்லயும் பிள்ளைங்க இருக்கும்மா.”

“கடைசி நம்பர் குடுங்க.”

“புதுசா ஒருத்தரைச் சேர்க்கணும்னா பழைய டி.சி. வேணும்.”

“அப்ப டி.சி.யக் குடுத்துத் தொலைங்க, வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிறேன்.”

“பேரு இருந்தாத்தானம்மா நீக்க முடியும்?” என்றார். நக்கல் இல்லை. அந்த மனுஷனுக்கு உண்மையாகவே வருத்தம்.

மறுநாள் பாசிலா டீச்சர் துணிந்துவிட்டார். வகுப்பில் முக்காட்டுப் பின்னைக் கழற்றி, ஒரு கால்குலேட்டரில் மட்டும் சந்தனத்தை நோண்டி எடுத்தார். ஏழு அமுங்கியது. அன்புமொழி தன் நம்பரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். பிள்ளைகள் கை தட்டினார்களாம். சாயங்காலத்துக்குள் அரவிந்த்குமாருக்குச் செய்தி போய்விட்டது. அவர் வந்து அந்த ஒரு கால்குலேட்டரை மட்டும் உறையில் போட்டு, ‘பழுது’ என்று சீட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனார். சரி செய்து அனுப்புவார்களாம்.

டீச்சருக்கு மெமோ வந்தது. அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குப் பதினேழு பி என்கிற தண்டனைப் பிரிவைச் சொன்னாலே குலை நடுங்கும். ஆனால் பதினேழைத்தான் போட முடியாதே, அதனால் பதினாறு பி என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு பிரிவே கிடையாதாம். இல்லாத பிரிவுக்கு என்ன பதில் எழுதுவது? பதில் எழுதாததற்கு சஸ்பெண்ட் செய்தார்கள்.

நான் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அலுவலக வாசலில் பியூன் ஒரு டோக்கன் கொடுத்தார். பார்த்தால், ஏழு. உள்ளே ஆறாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். அடுத்து எட்டைக் கூப்பிட்டார்கள்.

“அண்ணே, ஏழு நானுண்ணே.”

“அங்கிட்டுப் போய் உக்காருங்கம்மா” என்று பின்பக்க வராந்தாவைக் காட்டினார்.

அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள். எல்லோர் கையிலும் ஏழு. பக்கத்தில் இருந்தவர் ஷேக் தாவூது, கோட்டைப்பட்டினத்தில் மீன் வியாபாரமாம். அவர் மகனும் ஏதோ ஒரு பள்ளியில் ஏழாம் நம்பர். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தார், இடுப்புக்கு முட்டுக்கொடுக்க ஒரு தலையணையும்.

“கூப்பிடவே மாட்டாங்கன்னா ஏன் பாய் இந்த டோக்கனைக் குடுக்குறாங்க?”

“டோக்கன் பழைய ஸ்டாக்கும்மா. கூப்புடுறதுதான் புது ரூல். ஒரு வாய் சாப்புடுறியளா? இங்கன உக்காந்து பழகிட்டா ஒன்னும் தெரியாது.”

யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. நான் டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தேன்.

சாப்பாட்டுக்குக் கிளம்பிய அரவிந்த்குமாரை மறித்தேன். “சார், எம்புள்ள கண்ணு முன்னாடி உக்காந்திருக்கு. இல்லங்குறாங்க சார்.”

“அம்மா, பதிவுல இல்லாத ஒருத்தரைப் பத்தி நான் பேசினா அது பொய்ப் பேச்சு ஆயிடும். நான் அரசு ஊழியன், பொய் பேசக்கூடாது.” அவர் குரல் ரொம்பக் கனிவாக இருந்தது. “நீங்க முன்மாதிரிப் பள்ளியோட தலைவி. பதிவுல இருக்கீங்க. ஆனா, பதிவுல இல்லாத பிள்ளைக்கு அம்மான்னு ஒருத்தர் பதிவுல இருக்க முடியுமா? நீங்களே கொஞ்சம் யோசிங்க. நான் யோசிக்க ஆரம்பிச்சா நல்லா இருக்காது.”

அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் ஆவுடையப்பன் சாரே வீடு தேடி வந்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த ரஞ்சிதாப் பிள்ளை தீபாவளிக்கு முன்னாடியே நின்னுருச்சு. அவங்கப்பா திருப்பூர் மில்லுல சேர்த்துட்டாரு. நான் அதை எழுதல. இடையில நின்ன பிள்ளைன்னு கணக்குக் காட்டினா எனக்கு மெமோ வரும். அதனால அவ நம்பரை நானே செயலியில ஏத்திடுவேன், தினமும் பிரசன்ட். பரீட்சை எல்லாம் எழுதியிருக்கா, நல்ல மார்க்கு. பேரு இருக்கு, ஆளுதான் இல்ல. ஒங்க மகளுக்கு ஆளு இருக்கு, பேரு இல்ல.”

நான் மெஷினை நிறுத்தினேன்.

“ஒங்களுக்கு நல்லது சொல்றேன் அருணாம்மா. இன்னும் ரெண்டு நாள்ல பட்டியல் போயிரும்.”

அன்புமொழி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “நான் ரஞ்சிதா இல்லம்மா. ரஞ்சிதா என் ஃபிரண்டும்மா” என்று அழுதாள். “பரீட்சை எழுதுற நேரத்துக்கு மட்டும்தாண்டி தங்கம், சர்டிபிகேட்டை அப்புறம் மாத்திக்கலாம்” என்றேன். எப்படி மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. சார் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ரஞ்சிதாவின் நம்பர் பன்னிரண்டு. மறுநாள் முதல் என் மகள் பன்னிரண்டை அழுத்தித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். வகுப்பில் எல்லோரும் அவளை ரஞ்சிதா என்றார்கள். செயலி ஒத்துக்கொண்டது. தெருவில்கூட ஒன்றிரண்டு பிள்ளைகள் அப்படியே கூப்பிட்டன. பரீட்சை ஹாலில் யாராவது கூப்பிட்டு அவள் திரும்பாமல் இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் நானும் வீட்டில் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் முறைத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். ஒரு நாள் அடுப்படியிலிருந்து பழக்கத்தில் “அன்பு” என்று கூப்பிட்டேன். பக்கத்து அறையில்தான் இருந்தாள், வரவில்லை.

பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம், காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் துணிப்பை, மெலிந்த முகம், தலைமுடியில் பஞ்சுத் தூசி.

“அத்தை, நான் ரஞ்சிதா. திருப்பூர்ல இருந்து வந்துட்டேன். அப்பா கால்ல விழுந்து கெஞ்சினேன், பரீட்சை மட்டும் எழுதிட்டுப் போறேன்னு. எச்.எம். சார்ட்ட போனேன். தலைவி சொன்னா சரின்னு ஒங்ககிட்ட அனுப்பினாரு. ஹால் டிக்கெட் வந்துருச்சாம்ல அத்தை?”

ரஞ்சிதா பேரும் என் மகள் போட்டோவும் போட்ட ஹால் டிக்கெட் உள்ளே சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. என் மகள் சுவரில் சாய்ந்து புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை, ஆனால் பக்கம் புரட்டுவதை நிறுத்திவிட்டாள். வாசலில் நிற்கிறவளை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறேன். இவளும் என் மகளும் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். ஆனால் என் குரல் என்னவோ ரொம்பக் கனிவாகத்தான் வந்தது.

“ரஞ்சிதா பேருல ஒரு பிள்ளை தினமும் வந்து படிக்கிதும்மா. பதிவுல இருக்கு. நீ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அத்தை... நான்தான் அத்தை.”

“ஏழாம் நம்பர் காலியாத்தான் இருக்கு. வேணும்னா போய்க் கேட்டுப் பாரு.”

அவள் என்னையும், என் தோளுக்குப் பின்னால் உள்ளேயும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் உள்ளே திரும்பி, “ரஞ்சிதா, கதவைச் சாத்து” என்றேன்.

என் மகள் எழுந்து வந்து சாத்தினாள்.